போர்ஷன் சார் இழுத்த கயிறு

என்னிடம் இருக்கும் சுற்றறிக்கையில் தேதி இல்லை. தாளாளர் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, 'மிக அவசரம்' என்று சிவப்பு மையில் கோடும் இழுத்துவிட்டுத் தேதியை மட்டும் விட்டுவிட்டால், என்னைப் போன்ற வரலாற்று ஆசிரியர்களுக்குத் தூக்கம் வராது. முதல் வரியில் 'பொங்கல் விடுமுறை முடிந்து' என்று வருகிறது. தாளின் பின்பக்கம், முகக்கவசம் இனிக் கட்டாயமில்லை என்ற பழைய அறிவிப்பு. ஆகவே இது பெருந்தொற்று ஓய்ந்து பள்ளி திறந்ததற்கு அடுத்த ஜனவரி என்று முடிவு செய்திருக்கிறேன்.

சாரம் இதுதான். விளையாட்டு விழாவில் ஆசிரியர்களுக்கும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கும் நடக்கும் கயிறு இழுக்கும் போட்டியில் மாணவர்கள் வருடா வருடம் தோற்கிறார்கள். இந்த முறையும் தோற்றால், மைதானமும் பி.டி. பீரியடும் அவர்களுக்குத் தேவையில்லை என்று கொள்ளப்படும். மைதானத்தில் நுழைவுத்தேர்வுப் பயிற்சிக்கான கட்டடம் எழும்.

படித்துவிட்டு எல்லோரும் கவலைப்பட்டோம். ஒருவர் மட்டும் பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டார். அவர்தான் எங்கள் வேதியியல் ஆசிரியர், போர்ஷன் சார்.

கோயமுத்தூர் ஜில்லாவில் மழையைப் பார்த்து அழுத ஒரே மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும். வானம் கறுத்தால் ஊரே கலெக்டர் லீவு விடுவாரா என்று ஆசையோடு டி.வி. முன்னால் உட்காரும். போர்ஷன் சார் ஸ்டாஃப் ரூம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு தூறலுக்கெல்லாம் லீவு உட்றாதீங்க சாமி, போர்ஷன் முடியலீங்க" என்று மேகத்திடம் மன்றாடுவார். பெயர் வந்தது இப்படித்தான். ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று காலை வணக்கம் சொன்னாலும் பதில் அதேதான்: "போர்ஷன் முடியலீங்க." பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைப் பதினொன்றிலேயே தொடங்கிவிடுவார். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடமும் அதைத் தொடங்கிவிடலாமா என்று அவர் வேவு பார்ப்பதாக அந்த வகுப்பு டீச்சர் புகார் செய்ததும் உண்டு.

ஒருமுறை ஆர்.எஸ்.புரத்தில் கல்யாண விருந்து. எதிர்ப்பந்தியில் எங்கள் மாணவன் ஒருவன் பாயசத்துக்கு டம்ளரை நீட்டியிருந்தான். போர்ஷன் சார் இலையை விட்டு எழுந்து அவனிடமே போய்விட்டார்.

"ஏங் கண்ணு, பாயசம் வந்துருச்சு. எலக்ட்ரோ கெமிஸ்ட்ரி ரிவிஷன் வந்துருச்சா?"

பையன் டம்ளரைக் கீழே வைத்தவன் திரும்ப எடுக்கவேயில்லை.

எங்கள் பள்ளி சரவணம்பட்டி தாண்டி, சத்தி ரோட்டின் மேல் இருக்கிறது. நான் அங்கே பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுத்தேன். ஆண்டு மலரும் என் பொறுப்பு. 'கல்வியும் விளையாட்டும் நம் இரு கண்கள்' என்று வாசலில் பெரிதாக எழுதியிருக்கும். பன்னிரண்டாம் வகுப்புக்குப் போனதும் அதில் ஒரு கண்ணை மூடிவிடுவோம். மூடுகிறவர் பெரும்பாலும் போர்ஷன் சார். பி.டி. மாஸ்டர் விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டும்போதே இவர் வாசலில் நிற்பார்.

"ஏனுங் மாஸ்டர், இன்னைக்கு ஒரு பீரியட் மட்டும்..."

"நேத்தும் அதையேதானுங்க சொன்னீங்க?"

"நேத்து சொன்னது நேத்தைக்குங்க."

பி.டி. மாஸ்டர் கோபிப் பக்கத்துக்காரர், பழைய கபடி வீரர், தூண் மாதிரி ஆள். ஆனால் போர்ஷன் சார் நீட்டும் முடியாத பாடங்களின் பட்டியலைப் பார்த்தால் அவருக்கு இரக்கம் வந்துவிடும். விசிலைக் கழற்றிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

எனவே சுற்றறிக்கை வந்தபோது எங்களுக்கு ஒன்று புரியவில்லை. மைதானம் போனால் இவருக்கு என்ன? நானே கேட்டேன்.

"என்னங் சார் இப்படிக் கேக்கறீங்க? பி.டி. பீரியடே இல்லீன்னா நான் எதைப் போயிக் கேக்கறது? அதையெல்லாம் டைம் டேபிள்ல கணக்குக்குக் குடுத்துருவாங்க. கணக்கு சாரு ஒரு பீரியடாவது உடுவாருங்களா?"

ஒரு வழிதான் இருந்தது: நாங்கள் தோற்க வேண்டும். அதையும் தாளாளர் அடைத்துவிட்டார். நடுவர் அவரே. "சும்மா உட்டுக் குடுத்தா எனக்குத் தெரியுமுங்க. நானும் காலேஜ்ல கயிறு இழுத்தவன்தான்" என்று ஸ்டாஃப் மீட்டிங்கில் எச்சரித்தார்.

மறுநாள் நடந்ததை நான் நேரில் பார்க்காவிட்டால் மலரில் எழுதியிருக்க மாட்டேன். பி.டி. பீரியடை வழக்கம்போல வாங்கிய போர்ஷன் சார், பையன்களை வகுப்பறைக்குக் கூட்டிப்போகாமல் மைதானத்துக்கு நடத்திக்கொண்டு போனார். தாளாளர் அறைக்கு வெளியே உள்ள கரும்பலகையில் 'வேதியியல் சிறப்பு வகுப்பு' என்று எழுதிவைத்திருந்தார்.

கயிறு நீட்டப்பட்டது. பையன்கள் இரண்டு அணியாகப் பிரிந்து இழுத்தார்கள். இழுத்தார்கள் என்பது மரியாதைக்காகச் சொல்வது. ஒருவன் மூச்சு வாங்கி உட்கார்ந்தான், ஒருவன் கண்ணாடியைத் தேடினான், நல்ல ரேங்க் வாங்கும் ஒருவன் புல்லில் மல்லாந்து படுத்து, "சார், இது சிலபஸ்ல இருக்குதுங்களா?" என்று கேட்டான். போர்ஷன் சார் சிரிக்கவில்லை. வேப்பமரத்தடியில் நின்றிருந்த பி.டி. மாஸ்டரிடம் போனார்.

"இத்தன நாளும் நான் வாங்குன பீரியடோட பலன் இதுதானுங்களா, மாஸ்டர்?"

பி.டி. மாஸ்டர் பையன்களிடம் போனார். கயிற்றை எப்படிப் பிடிப்பது, குதிகாலை எப்படி மண்ணில் ஊன்றுவது என்று காட்ட ஆரம்பித்தார். ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டுமே, அதுதான் வரவில்லை. 'ஐலசா' சொல்லச் சொன்னால் வெட்கப்பட்டார்கள். அப்போது போர்ஷன் சார் தொண்டையைக் கனைத்தார்.

"தெரிஞ்சதையே சொல்லுங்க. ஹைட்ரஜன்!"

கயிறு விறைத்தது.

"ஹீலியம்!"

நகர்ந்தது.

அதன்பின் தினமும் மைதானத்தில் தனிமங்கள் வரிசையாக ஒலித்தன. அந்தப் பக்கம் வந்த தாளாளர் நின்று கேட்டுவிட்டு, "கிரவுண்டுலயும் கெமிஸ்ட்ரிங்களா? பலே!" என்று மகிழ்ந்து போனார். போர்ஷன் சாருக்கோ இரண்டு கவலைகள் சேர்ந்துகொண்டன. பாடம் ஒரு பக்கம் நிற்கிறது; கயிறு ஒரு பக்கம் நிற்கிறது. ஸ்டாஃப் ரூமில் சீரகத் தண்ணீர் குடித்தபடி, "ரெண்டும் போச்சுன்னா என்ன செய்யறதுங்க?" என்று என்னைக் கேட்பார். நான் வரலாற்றுக்காரன், நடந்து முடிந்ததைப் பற்றித்தான் எனக்குச் சொல்லத் தெரியும்.

விழா நாள். எங்கள் அணியில் முன்னால் பி.டி. மாஸ்டர், நடுவில் நான். கயிற்றின் கடைசி நுனியைச் சீனியர் ஆசிரியர் பிடிப்பது பள்ளி வழக்கம். அது போர்ஷன் சார். டெஸ்ட் பேப்பர் கட்டோடு தராசில் ஏற்றினால்தான் அவரை ஒரு ஆள் எடை என்று சொல்லலாம்.

தாளாளர் கைக்குட்டையை வீசினார். பையன்கள் ஹைட்ரஜனில் தொடங்கினார்கள். எங்களுக்குச் சிக்கல் முன்னாலிருந்து வந்தது. பி.டி. மாஸ்டருக்குத் தோற்க மனம் இருந்தது, உடம்புக்குத் தெரியவில்லை. கயிற்றைத் தொட்டதும் பழைய கபடி வீரர் விழித்துக்கொண்டார். நடுவில் கட்டிய சிவப்புத் துணி எங்கள் பக்கம் வர ஆரம்பித்தது.

"மாஸ்டர், மெதுவாங்க!" என்று நான் பல்லைக் கடித்தேன்.

"கை கேக்க மாட்டேங்குதுங்க!"

சிலிக்கான், பாஸ்பரஸ் வரை வந்த பையன்கள் அங்கே நின்றுவிட்டார்கள். மூச்சு இல்லை, குரல் இல்லை. துணி கோட்டை நெருங்கியது. எனக்கு மைதானத்தின் மேல் கம்பியும் சிமென்ட்டும் எழும்புவது தெரிந்தது. அப்போது என் முதுகுக்குப் பின்னாலிருந்து, எங்கள் அணியின் கடைசி ஆளிடமிருந்து, ஒரு அலறல்:

"சல்ஃபர்டா கண்ணு! சல்ஃபர்!"

பையன்கள் உயிர் வந்ததுபோல் கத்தினார்கள். "சல்ஃபர்! குளோரின்! ஆர்கான்!"

ஆர்கானுக்கு நாங்கள் ஒருவர் மேல் ஒருவராகப் புழுதியில் கிடந்தோம். எதிரணிக்கு எடுத்துக்கொடுத்தது விதிமீறலா என்று ஒரு கணம் யோசித்த தாளாளர், "பாடம்தானுங்களே சொன்னாரு" என்று தீர்ப்பளித்தார். மைதானம் தப்பியது.

அடுத்த திங்கள்கிழமை போர்ஷன் சார் மறுபடி பி.டி. மாஸ்டரின் வாசலில் நின்றார். "ஏனுங் மாஸ்டர், இன்னைக்கு ஒரு பீரியட்..." மாஸ்டர் விசிலைக் கழற்றப் போனார். போர்ஷன் சார் தடுத்தார். "பாதி போதுமுங்க. மொதல்ல ஓடட்டும்."

ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். கடைசி இழுப்பில் போர்ஷன் சார் கயிற்றை விட்டுவிட்டார் என்று பி.டி. மாஸ்டர் சத்தியம் செய்கிறார். கயிறு பின்னால் தொய்ந்ததை உணர்ந்தாராம். ஆனால் போர்ஷன் சாரின் இரண்டு உள்ளங்கைகளிலும் கயிறு அறுத்த சிவப்புத் தடத்தை நான் பார்த்தேன். போன வாரம் ஃபோனில் அவரிடமே கேட்டேன். "அதை உடுங் சார். நீங்க எழுதறது முடிஞ்சுதுங்களா? மொதல்ல அதை முடிங்க" என்று பதறினார்.

நான் இப்போது அந்தப் பள்ளியில் இல்லை. சத்தி பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாக இன்னும் அந்த மைதானம் தெரிகிறது, பிள்ளைகள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். அவர் கயிற்றை விட்டாரா, இல்லையா என்பது இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை. என் வாழ்நாளில் நான் உறுதி செய்ய விரும்பாத தகவல் இது ஒன்றுதான்.