சிவப்புச் சேவலுக்கு ஆறு மாசம்

நெனிதாவின் கூந்தலில் ஒரு சிவப்பு இறகு ஒட்டிக்கொண்டிருந்தது. சந்தைக்குப் போய்வந்தவளின் கூடையில் ஒரு கத்தரிக்காய்கூட இல்லை.

"காய் எங்கே?" என்றார் அவள் கணவர், கவுன்சிலர் கார்ப்போ.

"பிடிக்கல. வாங்கல."

"மேல என்ன தைல வாசனை?"

"கால் வலி."

கார்ப்போவுக்கு வயிறு எரிந்தது. மலிங்காய் ஊரில் அந்தத் தைல வாசனையோடு திரிபவன் ஒருவன்தான். ருஃபினோ. சண்டைச் சேவல்களுக்குத் தைலம் தடவி, காலில் கத்தி கட்டிவிடுபவன். முப்பது வயது. அவன் சேவலின் கழுத்தை நீவிவிடுவதைப் பார்த்தால் மீன் விற்கும் பெண்கள் விலை சொல்ல மறந்துவிடுவார்கள். கார்ப்போவுக்கு ஐம்பத்துநாலு வயதும் ஒரு தொப்பையும் இருந்தன. ஆனால் பதவியும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அரங்கத்தில் நடந்தால் சேவல்சண்டை விளையாட்டு. மற்ற நாளில் தென்னந்தோப்பில் நடந்தால் குற்றம். அந்தக் குற்றத்துக்கு என்ன தண்டனை என்பதை அந்தந்த ஊர் மன்றமே முடிவு செய்துகொள்ளலாம் என்று அந்த மாதம்தான் உத்தரவு வந்திருந்தது. பக்கத்து ஊரில் ஒரு திட்டோடு விட்டுவிட்டார்கள்.

"கத்தி கட்டுறவனுக்கு ஆறு மாசம் ஜெயில்!" என்றார் கார்ப்போ, மன்றத்தில்.

மேயர் ஃபெலிசிதாஸ் விசிறியை நிறுத்தினாள். "ஆறு மாசமா? மாட்டைத் திருடினவனுக்கே நாம இவ்வளவு கொடுத்ததில்லையேப்பா."

"வாயில்லா ஜீவன், மேயரம்மா!" கார்ப்போவின் குரல் தழுதழுத்தது. மதியம் தின்ற அடோபோ கோழிக்குழம்பு இன்னும் அவர் மீசையில் இருந்தது.

தீர்மானம் நிறைவேறியது. அடுத்த செவ்வாயன்று ருஃபினோ தென்னந்தோப்பில் ஒரு சிவப்புச் சேவலோடு பிடிபட்டான். சேவல் யாருடையது என்று கேட்டதற்கு வாயே திறக்கவில்லை.

கார்ப்போ சீட்டியடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். நெனிதா அடுக்குப் பாத்திரத்தில் சோறு, மீன், புளிக்குழம்பு என்று அடுக்கிக்கொண்டிருந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"யாருக்கு இது?"

"ருஃபினோவுக்கு. ஜெயில்ல அடுப்பு ஏது? மேயர், கவுன்சிலர் வீடுங்க முறை வச்சு சாப்பாடு போடணும்னு நீங்கதானே சட்டம் கொண்டு வந்தீங்க. இந்த வாரம் நம்ம முறை."

வாரம் முடிந்தது. சாப்பாடு போவது முடியவில்லை.

"இப்போ மேயரம்மா முறையில்ல?"

"அவங்களுக்கு இடுப்பு வலி. நானே ஒத்துக்கிட்டேன்."

"அடுத்த வாரம்?"

"அடுத்த வாரமும் அவங்களுக்கு இடுப்பு இருக்குமே."

கார்ப்போ மன்றத்துக்கு ஓடினார். "ஜெயில் வேண்டாம். வீணா உட்கார வச்சு சோறு போடுறோம். தெருக் கூட்டட்டும்!"

ஊரிலேயே அதிகமாகக் குப்பை விழுவது கார்ப்போவின் தெருவில்தான். இருபுறமும் மாமரம். மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர் வீட்டு வாசலில் ருஃபினோ சட்டையைக் கழற்றிவிட்டுக் கூட்டிக்கொண்டிருந்தான். தெருப் பெண்கள் வீட்டுக்குள் இருந்த குப்பையையும் கொண்டுவந்து கொட்டினார்கள். நெனிதா எலுமிச்சைச் சாறோடு வெளிக்கதவில் சாய்ந்து நின்று அவனோடு கிசுகிசுத்தாள்.

"ஒரு மணி நேரமா அவன்கிட்ட என்ன பேச்சு?"

"குப்பையைப் பத்தி."

"குப்பையைப் பத்திப் பேசினா முகம் இப்படியா மலரும்?"

"உங்ககிட்ட பேசி மலரலையேன்னு வருத்தமா?"

கார்ப்போ மறுபடியும் மன்றத்துக்குக் கிளம்பினார். இவனை ஊருக்குள் எங்கே வைத்தாலும் ஆபத்து. ஊரை விட்டே போகவேண்டும்.

"மூணாவது தடவையா?" என்றாள் மேயர். "உன் சட்டத்தை எழுதியே நம்ம எழுத்தருக்கு விரல் வீங்கிருச்சுப்பா."

"இது கடைசி. கத்தி கட்டுறவன் கூலிக்காரன், மேயரம்மா. பாவம். அவனை விட்டுடலாம், அவன் பிறந்த தீவுக்கே திரும்பிப் போகட்டும். தண்டனை முழுக்க சேவலோட சொந்தக்காரனுக்குத்தான். ஆறு மாசம் ஜெயில். இப்போ பிடிபட்ட சிவப்புச் சேவலோட சொந்தக்காரனுக்கும் இதுதான்."

"சொந்தக்காரர் பெரிய இடமா இருந்தா?"

"யாரா இருந்தா என்ன? ஜாமீன் கூடாது. ஒரு வருஷத்துக்கு யாரும் இதைத் திருத்தவும் கூடாது. அதையும் எழுதச் சொல்லுங்க."

எழுதினார்கள். கார்ப்போதான் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார்.

ருஃபினோவிடம் அவரே போய்ச் சொன்னார். அவன் துடைப்பத்தைக் கீழே போடவில்லை.

"வேண்டாங்க, கவுன்சிலர். நான் கூட்டியே ஆறு மாசத்தையும் ஓட்டிடறேன்."

"மடையா, உனக்கு விடுதலைடா!"

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"என் நல்லது எனக்குத் தெரியும். படகு நாலு மணிக்கு. ஏறு!"

ஏற்றிவிட்டே திரும்பினார். படகு புள்ளியாகும்வரை துறையில் நின்று கையசைத்தார். வரும் வழியில், கல்யாணமான புதிதில் வாங்கியதுபோல ஒரு முழம் மல்லிகை வாங்கினார். இன்று நெனிதா அழுவாள். அழட்டும். அழுது முடித்ததும் தலையில் வைத்துவிடலாம்.

வீடு பூட்டிக் கிடந்தது. இரண்டு தரம் தட்டினார். ஜெயில் காவலர் இங்கோ சைக்கிளில் வேர்க்க விறுவிறுக்க வந்து இறங்கி, கவுன்சிலரையும் அவர் கையிலிருந்த பூவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சார், சேவலுக்குச் சொந்தக்காரங்க தாங்களாவே வந்து, சேவலை மடியில வச்சுக்கிட்டு உள்ளே உட்கார்ந்துட்டாங்க. கதவைப் பூட்டட்டுமா, இல்ல அதுக்கு முன்னாடி உங்க வீட்டுச் சாவியை அவங்ககிட்ட வாங்கிக்கறீங்களா?"