சர்க்கார் எடுத்த ஒரு மணி நேரம்

பெரம்பலூர் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா இளையபெருமாள் 1942-ல் ஒரு சபதம் எடுத்தார். ஊர் நம்பாவிட்டால் போகட்டும். தன் மனைவி ரெங்கம்மாளைச் சர்க்காரை நம்ப வைத்தே தீருவது!

யுத்தத்துக்காகச் சர்க்கார் நாடெங்கும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருந்தது. வெளிச்சம் மிச்சமாகுமாம். "கடியாரத்தைத் தள்ளினா சூரியன் பயந்துடுமாய்யா?" என்று சந்தையில் சிரித்தார்கள். அதையாவது பொறுத்துக்கொண்டார். "மொதல்ல ஒங்க வூட்டு அம்மாவ நம்பச் சொல்லுங்க" என்று பால்காரி வீராயி சொன்னதுதான் தைத்துவிட்டது.

"அஞ்சுக்கு எழுந்திரிச்சவ இனிமே நாலுக்கா எழுந்திரிக்கணும்?" என்றாள் ரெங்கம்மாள்.

"கடியாரத்துல அஞ்சுதான்டி."

"கோழிக்கு நாலுதானே? என் தூக்கத்துல ஒரு மணிய எடுத்துக்கிட்டாங்க. எப்பத் திருப்பித் தருவாங்க?"

"யுத்தம் முடிஞ்சதும். சர்க்கார் சொன்னாச் சொன்னதுதான்!"

"தரலைன்னா?"

"நான் தரேன்."

"எழுதிக் குடுங்க."

எழுதினார். 'எடுத்ததை எடுத்தபடியே திருப்பித் தரப்படும். சர்க்கார் தவறினால் கீழே கையெழுத்திட்டவர் பொறுப்பு.' வாசகம் அவருக்கே பிடித்துப்போய் இரண்டு தடவை சத்தமாகப் படித்தார்.

மூன்று வருஷம் ஓடியது. யுத்தம் முடிந்தது. உத்தரவு வந்த அன்று மனுஷர் வேட்டி தடுக்க ஓடிவந்து, கூடத்துக் கடிகாரத்தைத் தன் கையாலேயே பின்னுக்குத் தள்ளினார்.

"பாத்தியா ரெங்கு! திருப்பிக் குடுத்துட்டாங்க. இப்பவாவது நம்புறியா?"

"நம்புறேங்க."

அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

மறுநாள் காலை.

"ரெங்கு, அஞ்சாச்சு!"

"ஆறுக்கு எழுப்புங்க. எடுத்தாங்களே, அந்த ஒரு மணி."

"அதான் நேத்தே குடுத்தாச்சே!"

"குடுத்தது ஒருநாளு. எடுத்தது தெனந்தெனம், மூணு வருஷம். எடுத்தபடியேன்னு நீங்கதானே எழுதினீங்க?" தலையணைக்கு அடியிலிருந்து காகிதம் வெளியே வந்தது.

காகிதத்தை வாங்கித் தன் கையெழுத்தைப் பார்த்தார். மூன்று வருஷமாகக் கோழிக்கு முந்தி எழுந்தவள். ஒருநாள்கூட அவரை ஆபீசுக்குத் தாமதமாக அனுப்பாதவள். விடிந்தபின் அவள் தூங்கி அவர் பார்த்ததே இல்லை. மனசு கேட்கவில்லை. போர்வையை அவள் கழுத்துவரை இழுத்துவிட்டு, அடுப்படிக்குப் போனார்.

வாசலில் வீராயியின் குரல் கேட்டது. கண்ணெல்லாம் புகை, மூக்கெல்லாம் கரி, கையில் ஊதுகுழலோடு குமாஸ்தா வெளியே வந்தார். வீராயி பால் ஊற்றவும் மறந்து ஏற இறங்கப் பார்த்தாள். "அவ தூங்குறா. சர்க்கார் எடுத்த ஒரு மணிய நான் திருப்பிக் குடுக்கிறேன்" என்றார்.

"இப்பத்தாங்கய்யா எனக்கும் சர்க்கார் மேல நம்பிக்கை வருது!"