ஜாமீனில் வந்த அப்பா எங்கள் அப்பா இல்லை

அன்பும் மரியாதையும் மிக்க ஞானத்தாய் தோமாசா அவர்களுக்கு,

ஞானமகள் மரிசெல் வணங்கி எழுதுவது. குவாதலூப்பே மாதா உங்கள் முழங்கால் வலியைக் குறைத்திருப்பாள் என்று நம்புகிறேன். இங்கே அனைவரும் நலம். அப்பா மட்டும் சிறையில் இருக்கிறார். அவருடைய சோபாவில் வேறொருவர் தூங்குகிறார். அம்மாவுக்குத் தெரியாமல் குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து நடுங்கினால் மன்னிக்கவும்.

முந்தாநாள் பாதாம் தோட்டத்திலிருந்து வரும் வழியில், வண்டியின் பின்விளக்கு எரியவில்லை என்று போலீஸ் அப்பாவை நிறுத்தியது. பழைய அபராதத்துக்கு நீதிமன்றம் வரவில்லை என்று அப்படியே கொண்டுபோய்விட்டார்கள். எங்களுக்கு ஒன்றும் தெரியாது. அன்று ராத்திரியும் மறுநாள் காலையும் வீட்டுக்குப் போன் வந்துகொண்டே இருந்தது. எடுத்தால் ஓர் இயந்திரப் பெண் ஆங்கிலத்தில் பேசுவாள். "இந்த இன்சூரன்ஸ்காரி விடவே மாட்டேங்கிறாளே!" என்று அம்மா வைத்துவிடுவார். இன்று ராத்திரிதான் தெரிந்தது, அதெல்லாம் சிறையிலிருந்து அப்பா கூப்பிட்ட போன்! பேசுவதற்கு ஓர் எண்ணை அழுத்தச் சொல்லியிருக்கிறாள். அப்பா சிறையில் என்று தோட்டத்து ஆள் ஒருவர் வந்து சொன்ன பிறகுதான் எங்களுக்கு உயிரே போனது.

இருந்த சேமிப்பை எடுத்துக்கொண்டு, பணம் கட்டினால் சிறையிலிருந்து ஆளை எடுத்துத் தரும் ஜாமீன் கடைக்கு ஓடினோம். வாசலில் 'ஸ்பானிஷ் பேசப்படும்' என்று எங்கள் மொழியில் பலகை, ஆனால் பேசுகிறவர் விடுப்பில். "பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ்லதானே படிக்கிற, பேசுடீ" என்று அம்மா என்னை முன்னால் தள்ளினார். எனக்கு ஆங்கிலத்தில் எரிமலையின் பாகங்கள் தெரியும். ஜாமீன் எந்தப் பாடத்திலும் வரவில்லை. அப்பாவின் பெயர் ஃபபியான் ஒல்வேரா என்றேன். கடைக்காரர் கணினியைப் பார்த்துப் பார்த்து ஏதோ கேட்டார். புரியவில்லை என்றால் அதையே இன்னும் உரக்கக் கேட்டார். பயத்தில் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். கழுத்தைத் தொட்டுக் காட்டி ஒன்று கேட்டார். அதற்கும் ஆமாம்.

சாயங்காலம் சிறைக் கதவு திறந்தது. கழுத்தில் சேவல் பச்சை குத்திய ஒருவர் கண்கலங்க வெளியே வந்தார்.

"என்னை ஜாமீன்ல எடுத்த புண்ணியவதி யாரும்மா?"

"நீங்க யாருய்யா?" என்றார் அம்மா.

"ஃபபியான் ஒல்வேரா."

"பதினாறு வருஷமா ஃபபியான் ஒல்வேரா குறட்டையைக் கேக்குறவ நான். என்கிட்டயேவா?"

அப்பாவின் முழுப்பெயர் ஃபபியான் ஒல்வேரா ரென்டெரியா அல்லவா? எங்கள் குடும்பப் பெயர் நடுவில் நிற்கும் ஒல்வேரா. அதை விட்டு, கடைசியில் நிற்கும் அவருடைய அம்மா வீட்டுப் பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, சிறையில் அவரை ரென்டெரியா என்று பதிந்துவிட்டார்கள். ஒல்வேரா என்று இருந்தவர் இந்தச் சேவல்காரர். பாவம், அவருக்கு இந்த ஊரில் யாருமில்லை, மழை வேறு. அம்மா திட்டிக்கொண்டே வீட்டுக்குக் கூட்டிவந்து பீன்ஸும் சோள ரொட்டியும் போட்டார்.

அவர் சாப்பிடும்போது போன் அடித்தது. அம்மா எடுத்தார், இயந்திரப் பெண், வைக்கப் போனார். "ஐயோ வைக்காதீங்க, அது ஜெயில் போன்!" என்று பாய்ந்து பிடுங்கி, எண்ணை அழுத்தி 'ஹலோ' என்றார் சேவல்காரர்.

"என் வீட்டுல எவன்டா ஆம்பளை பேசுறது?" அப்பாவின் குரல்.

"ஃபபியான் ஒல்வேராங்க."

அப்பா தன் பெயரை ஒரு முறை தானே சொல்லிப் பார்த்தார். பிறகு, "அப்ப நான் யாருய்யா?"

ஞானம்மா, காலையில் அப்பாவை நீதிபதி முன் நிறுத்துகிறார்கள். மொழிபெயர்க்க ஆள் வராவிட்டால் நானே பேச வேண்டுமாம். பயத்தில் அங்கேயும் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று சொல்லிவிட்டால் அப்பா என்ன ஆவார்? இதை ரொட்டிக்கடை வேனில் விடியும்முன் கொடுத்தனுப்புகிறேன். உங்களுக்குத்தான் நல்ல ஆங்கிலம் தெரியும், உடனே வாருங்கள். கழுத்து விஷயத்தை மட்டும் அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

மாமாவுக்கு என் வணக்கம். நீங்கள் என் தலையில் கைவைத்து ஆசி கூறியதாக நினைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மரிசெல்

பி.கு.: வர வேண்டாம்! அப்பா இப்போதுதான் நடந்தே வந்து கதவைத் தட்டினார். ஷிப்ட் மாறி வந்த காவலர், சேவல்காரர் போன பிறகும் மேஜையில் கிடந்த ஜாமீன் தாளைப் பார்த்து, 'ஃபபியான் ஒல்வேரா' என்று கூப்பிட்டாராம். உள்ளே போனதிலிருந்து தன் பெயரை ஒருவர் சரியாகச் சொன்னது அதுதான் முதல் தடவை என்று சந்தோஷத்தில் அப்பா கை தூக்க, அவரையும் வெளியே விட்டுவிட்டார்கள். இப்போது ஒரே ஜாமீனில் வந்த இருவரும் எங்கள் மேஜையில். தயவுசெய்து உங்களுக்கு ஆங்கிலம் தெரியும் என்பதைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். "நாளைக்குப் போலீஸ் வந்து கேட்டா என்ன சொல்றது?" என்று அப்பா நடுங்குகிறார். அம்மா ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி சொல்கிறார்: "இங்கிலீஷ்லதானே கேப்பானுங்க? புரியலன்னு சொல்லிட்டுச் சாப்பிடுங்க, ரெண்டு பேரும்."