ஊரெல்லாம் இடுப்பளவு

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. போனை மட்டும் கவிழ்த்து வையுங்கள். ஒரு போன் படுத்திய பாட்டைச் சொல்லப்போகிறேன்.

"உங்கள் போனில் வைரஸ்!" என்று திரை சிவப்பாகச் சிமிட்டியபோது தையல்காரர் கையில் கத்தரி இருந்தது. மேஜையில் கல்யாணப் பெண்ணின் பட்டு. அவள் அம்மா கண் மூடுவதற்கு முன் ஆசையாக வாங்கி வைத்தது. தப்பாக வெட்டினால் அதுபோல இன்னொன்று கிடையாது. விடிந்தால் கல்யாணம். மாப்பிள்ளையின் கோட்டைத் தைத்துக் கொடுத்தாயிற்று. பெண்ணிடமும், "முடிஞ்சுதும்மா, பொத்தான் மட்டும்தான் பாக்கி" என்று காலையில்தான் சொல்லியிருந்தார்.

அளவெல்லாம் போனில்தான். நாடாவை இரண்டு கையாலும் பிடிக்கிறவருக்கு எழுத ஏது கை? அளக்க அளக்கச் சத்தமாகச் சொல்வார், போன் பதிந்துகொள்ளும்.

"அந்தச் சிவப்பைத் தொடாதீங்கண்ணே," என்றாள் பொத்தான் தைக்கிற பெண்.

"தொடாம எப்படிம்மா? 'இப்பவே சுத்தம் செய்'னு கெஞ்சுதே!"

தொட்டார். ஏதோ ஒரு செயலி இறங்கியது. தொடர்பு எண்களைப் பார்க்கலாமா? பார்த்துக்கோ. குரல் பதிவுகளை எடுக்கலாமா? எடுத்துக்கோ. சம்பந்தியை உபசரிப்பதுபோல எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

முதலில் ஓடிவந்தவர் பேக்கரிக்காரம்மா. அவர் போனில் தையல்காரரின் குரல் கணீரென்று கேட்டது: "பேக்கரியம்மா, இடுப்பு நாற்பத்திநாலு. மூச்சை இழுத்துப் பிடிச்சிருக்காங்க, நாற்பத்தாறுன்னே வச்சுக்கலாம்."

"தெரு முழுக்க வந்திருக்குய்யா! என் மருமக திரும்பத் திரும்பப் போட்டுக் கேக்குறா!"

"நான் அனுப்பலம்மா! அதுவா போகுது!"

"கூடவே ஒரு லிங்க் வேற. தொட்டுத் தொலைச்சேன். இப்ப என் தங்கச்சிகிட்ட மருமகளைப் பத்தி நான் பேசி அனுப்பினதெல்லாம் மருமகளுக்கே போகுது!"

பதறிப்போன தையல்காரர், அந்தச் செயலியை விரட்ட இன்னொன்றை இறக்கினார். வந்தது முதலாவதோடு கூட்டுச் சேர்ந்துகொண்டது. போன் தானாக விளம்பரம் பாடியது. வாசலில் கூட்டம் கூடியது.

"என் தொப்பையை ஏன்யா ஊர் பூரா சொன்னே?"

"எனக்கு ஒரு தோள் இறக்கம்னு வீட்டுக்காரிக்கே தெரியாது!"

வேறு வழியில்லாமல் போனில் இருந்த மொத்தத்தையும் அழித்தார். அது பிறந்த குழந்தைபோல வெள்ளையாக விழித்தது. கல்யாணப் பெண்ணின் அளவும் அதோடு போயிற்று. மறுபடி அளக்கக் கூப்பிட்டால் காலையில் சொன்ன பொய் வெளுத்துவிடும்.

"உங்க போன்லயெல்லாம் வந்திருக்குமே, அந்தப் பொண்ணு அளவை மட்டும் யாராவது குடுங்களேன்!"

"எல்லாத்தையும் அழிச்சாச்சு," என்றார் பேக்கரிக்காரம்மா. "அடுத்தவங்க இடுப்பு எங்களுக்கு எதுக்கு?"

அந்த நேரம் பார்த்துக் கல்யாணப் பெண்ணே வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. தையல்காரர் கத்தரியைக் கீழே வைத்தார்.

"பாப்பா, பொத்தான்தான் பாக்கின்னு சொன்னது பொய். இன்னும் வெட்டவே இல்ல. அளவும் போச்சு. திட்டிடும்மா."

அவள் பட்டை வாரி எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"வெட்டலையா? நல்லவேளைண்ணே! உங்க லிங்க்கை மாப்பிள்ளையும் தொட்டுட்டார். 'செல்லம், செல்லம்'னு அவர் கொஞ்சின பதிவெல்லாம் எனக்கு வந்து குவிஞ்சுது. அதுல ஒண்ணுகூட எனக்குச் சொன்னது இல்ல!"

உங்கள் வீட்டில் எந்தப் போன் வாய் திறந்தாலும் யாரும் தலைகுனிய வேண்டாதபடி, சிரித்த முகமாய் நிறைந்து வாழுங்கள், கண்ணுகளா.