பிரைவேட் நம்பர் சாரும் என் வங்கிக் கணக்கும்

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை வீடு வீடாக விசாரித்தாலும், கட்டிய மனைவியைத் தொலைபேசியில் அடையாளம் காண மறுத்த கணவர் ஒருவர்தான் கிடைப்பார். அவர் எங்கள் தெருவில் இருந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஏதோ இருந்திருக்கும். எங்களுக்கு அவர் ‘பிரைவேட் நம்பர் சார்’.

ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவுக்குக் குடிவந்தார். ரயில்வேயில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு ஸ்டேஷனிலிருந்து அடுத்த ஸ்டேஷனுக்கு ‘லைன் கிளியர், வண்டியை அனுப்பலாம்’ என்று தொலைபேசியில் வாயால் சொன்னால் மட்டும் போதாது. ரகசியமாக வைத்திருக்கும் ஒரு தாளிலிருந்து இரட்டை இலக்க எண் ஒன்றையும் சொல்ல வேண்டும். சொன்ன எண்ணைத் தாளில் உடனே கோடிட்டு அடித்துவிட வேண்டும். மறுபடி அது செல்லாது. அதற்குப் பெயர்தான் பிரைவேட் நம்பர். எண் வராத வரை வண்டி நகராது.

அருமையான ஏற்பாடு. ரயிலுக்கு. இவரோ ஓய்வு பெற்ற பிறகு அதைத் தெருவுக்கும் கொண்டுவந்தார். மாதாமாதம் வீட்டுக்கு ஒரு தாள். ஒவ்வொரு தாளிலும் தாறுமாறான வரிசையில் முப்பது எண்கள். ஒரு பிரதி நமக்கு, ஒரு பிரதி அவருக்கு. தொலைபேசியில் அவருக்கு எந்தத் தகவல் சொன்னாலும் அடுத்த எண்ணைச் சொல்லிவிட்டுத்தான் சொல்ல வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அந்தத் தாள் பஜ்ஜியின் எண்ணெயை உறிஞ்சியது. என் வீட்டில் மேசை இழுப்பறைக்கு விரிப்பாகக் கிடந்தது.

அவர் மனைவி மார்க்கெட்டிலிருந்து ஒரு ரூபாய் போனில் கூப்பிட்டதை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். அந்த அம்மாளின் குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை.

“என்னங்க, நான்தான். மோட்டாரை ஆஃப் பண்ணுங்க, மறந்துட்டேன்.”

“நான்தான்னா யாரு?”

“உங்க பொண்டாட்டி!”

“அதை யார் வேணாலும் சொல்லலாம். நம்பர்?”

“யார் வேணாலும் சொல்லுவாளா? இந்த ஊர்ல எவ இதை ஆசைப்பட்டுச் சொல்லுவா?”

மாடித் தொட்டி நிரம்பி வழிந்து, அடுத்த வீட்டு வடகம் மிதக்க ஆரம்பித்த பிறகுதான் மோட்டார் நின்றது.

ஒரு கோடையில் தெருவுக்கே தண்ணீர் இல்லை. சங்கத்தின் சார்பில் டேங்கர் லாரிக்குச் சொல்லும் பொறுப்பை இவரிடம் கொடுத்த மேதைகள் நாங்கள்தான். டிரைவர் தெருமுனையிலிருந்து இவரைக் கூப்பிட்டான்.

“சார், தண்ணி வண்டி வந்துகீது. எந்த வூட்ல ஊத்தணும்?”

“நம்பர் சொல்லுப்பா.”

அவன் லாரியின் பதிவு எண்ணைச் சொன்னான். இவர் மறுத்தார். அவன் தன் லைசென்ஸ் எண்ணைச் சொன்னான். அதற்கும் மறுப்பு.

“இன்னா சார் பேஜாரா கீது! தண்ணி வோணுமா, வோணாவா?”

வண்டி திரும்பிப் போயிற்று. இரண்டு நாள் எங்கள் தெருவில் யாரும் குளிக்கவில்லை. அவர் மட்டும் நிம்மதியாகச் சொன்னார்: “சரியான வண்டிதான்னு நமக்கு எப்படித் தெரியும் சார்?” தப்பான தண்ணீர் என்று ஒன்று இருப்பதாக அன்றுதான் நான் கேள்விப்பட்டேன்.

எங்கள் தெருவின் கணக்கு வாத்தியாருக்கு வெளிநாட்டு லாட்டரியில் கோடிக்கணக்கில் விழுந்ததாகக் குறுஞ்செய்தி வந்தபோதும் இதே கதைதான். வாத்தியார் லாட்டரிச் சீட்டே வாங்கியதில்லை. வாங்காத சீட்டுக்குப் பரிசு விழுமா என்று கணக்கு போடத் தெரியாத அவர் கேசரி கிளறி வீடு வீடாகக் கொடுத்தார். நாங்கள் சாப்பிட்டுவிட்டுப் பொறாமைப்பட்டோம். பிரைவேட் நம்பர் சார் கிண்ணத்தை மூடியபடி திருப்பி அனுப்பினார். “ஊர்ஜிதம் ஆன பிறகு சாப்பிடறேன்.” பரிசை அனுப்புவதற்கான முன்பணம் என்று வாத்தியார் ஒரு தொகையை அனுப்பினார். அத்தோடு அந்தக் குறுஞ்செய்திக்காரன் வாயை மூடிக்கொண்டான். நான் வாத்தியாரைப் பார்த்து ஒரு வாரம் சிரித்தேன். படித்தவனுக்கு இவ்வளவு ஆசையா என்று.

இந்த இடத்தில் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பத்தைந்து ஆண்டுகள் தணிக்கை அலுவலகத்தில் இருந்தவன் நான். அடுத்தவர் தப்பைக் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்கியவன். எனக்குத் தெரியாத விதியும் இல்லை, நிரப்பத் தெரியாத படிவமும் இல்லை. அந்த வருடம் என் மனைவிக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நிச்சயமாகியிருந்தது. திங்கட்கிழமை மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். அதற்காக வைப்புத்தொகையை முறித்து மொத்தத்தையும் சேமிப்புக் கணக்கில் போட்டிருந்தேன். வீட்டில் கம்ப்யூட்டர், இன்டர்நெட் எல்லாம் வந்துவிட்ட காலம்.

புதன்கிழமை வங்கியிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. கடித எண், தேதி, பொருள், பார்வை, கீழே உட்பிரிவோடு ஒரு சுற்றறிக்கை எண். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் விவரங்களைப் புதுப்பிக்காவிட்டால் கணக்கு முடக்கப்படும். ஆகா, என்ன ஒழுங்கான கடிதம்! என் அலுவலகத்திலேயே அப்படி எழுதத் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான், இன்னொருவர் இறந்துவிட்டார். கணக்கு வாத்தியார் ஆசையால் ஏமாந்தார். நான் ஒழுங்கால் ஏமாந்தேன். அதில் இருந்த படிவத்தில் பயனர் பெயர், பாஸ்வேர்ட் எல்லாவற்றையும் நிரப்பினேன். விருப்பமிருந்தால் மட்டும் நிரப்பலாம் என்ற கட்டத்தைக்கூட விடவில்லை. அனுப்பிவிட்டுக் கடிதத்தை அச்செடுத்து, துளையிட்டு, கோப்பில் வைத்தேன்.

மறுநாள் காலை, அடுத்த மாதத்துக்கான எண் தாளோடு பிரைவேட் நம்பர் சார் வாசலில் நின்றபோது தொலைபேசி அடித்தது.

“சார் வணக்கம். உங்க பேங்க் ஹெட் ஆபீஸ்லேர்ந்து பேசறேன். ஃபாரம் கிடைச்சுது. ரொம்ப நீட்டா ஃபில் பண்ணியிருக்கீங்க சார்.”

முப்பத்தைந்து ஆண்டுகளில் எந்த மேலதிகாரியும் என்னிடம் சொல்லாத வார்த்தை. நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“பணம் அனுப்பறதுக்குன்னு தனியா ஒரு பாஸ்வேர்ட் வச்சிருப்பீங்க இல்ல? அதை மட்டும் கன்ஃபர்ம் பண்ணிட்டா முடிஞ்சுது சார்.”

நான் டைரியைப் புரட்ட ஆரம்பித்தேன்.

“யாரு சார் போன்ல?” என்றார் இவர்.

“பேங்க்.”

“நம்பர் சொன்னாங்களா?”

“எல்லா இடத்துலயும் உங்க ரயிலை ஓட்டாதீங்க சார்!”

அடுத்த நொடி ரிசீவர் என் கையில் இல்லை. அறுபத்தைந்து வயதில் ஒரு மனிதர் அப்படிப் பாய முடியும் என்று எந்த விதியிலும் இல்லை.

“ஹலோ, பிரைவேட் நம்பர் சொல்லுங்க.”

“சார், நாங்கதான் உங்ககிட்ட நம்பர் கேக்கணும்.” குரல் எனக்கும் கேட்டது.

“பேசறது நீங்க. நீங்க யாருன்னு நீங்கதானே நிரூபிக்கணும்? எந்த பிராஞ்ச் கணக்கு? மேனேஜர் யாரு? லைன்லயே இருங்க, செல்போன்ல அவரைக் கூப்பிட்டுக் கேக்கறேன்.”

அந்தத் தேன்குரல், “யோவ் பெருசு, வைய்யா போனை!” என்றது.

அவர் ரிசீவரை மெதுவாக வைத்தார். “லைன் கிளியர் இல்ல சார்.”

என் முகத்தைப் பார்த்தவர், “ஏற்கனவே ஏதாவது குடுத்துட்டீங்களா?” என்றார். கோப்பை எடுத்துக் காட்டினேன். அவர் திட்டவில்லை, திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“பாஸ்புக்ல பிராஞ்ச் நம்பர் இருக்கும். அதுக்கு நாமளா கூப்பிடுவோம். மெயில்ல இருக்கற நம்பர் வேண்டாம்.”

வங்கித் தொலைபேசி, வங்கித் தொலைபேசிகளின் வழக்கப்படி, எடுக்கப்படவில்லை. அவருடைய மொபெட்டில் கிளம்பினோம். உள்ளே என் மனைவி மருத்துவமனைக்குப் பை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. போகிற அவசரத்திலும் ஒவ்வொரு திருப்பத்திலும் வண்டியை நிறுத்தி, “பின்னாடி கிளியரா?” என்று கேட்டு, நான் “கிளியர்” என்று சொன்ன பிறகே நகர்ந்தார். ஒரு சைக்கிள்காரர் எங்களை முந்திப் போனார். அவர் காய்கறி மூட்டை வைத்திருந்தார்.

கிளையில் கணினி முன்னால் இருந்த பெண் தட்டிப் பார்த்தாள். “காலைலேர்ந்து மூணு தடவை உங்க கணக்குக்குள்ள போயிருக்காங்க சார். பணம் மட்டும் எடுக்க முடியலை. அந்த இன்னொரு பாஸ்வேர்ட் அவங்ககிட்ட இல்ல.” கணக்கின் இன்டர்நெட் வழியைப் பூட்டினாள். பிறகு என்னைப் பார்த்து, “நாங்க எப்பவுமே பாஸ்வேர்ட் கேக்க மாட்டோம் சார். படிச்ச நீங்களே இப்படியா?” என்றாள்.

வாத்தியாரைப் பார்த்துச் சிரித்தபோது நான் கேட்ட அதே கேள்வி. பதில் சொன்னவர் பிரைவேட் நம்பர் சார்.

“ஃபாரத்தை நல்லா ஃபில் பண்ணியிருந்தாரும்மா. அவன் மேலதான் தப்பு.” பிறகு சந்தேகம் வந்து, “பூட்டியாச்சுன்னு சொல்றீங்களே, அதுக்கு என்ன நம்பர்?” என்றார்.

அவள் புகார் எண்ணை எழுதிக் கொடுத்தாள். அவர் முகத்தில் அப்படியொரு மலர்ச்சி. “பேங்க்லயும் நம்பர் குடுக்கறாங்க சார்!”

திங்கட்கிழமை அறுவை சிகிச்சை நடந்தது. என் மனைவி இப்போது என்னைவிட வேகமாக நடக்கிறாள். அந்த எண் தாளை இழுப்பறையிலிருந்து எடுத்துத் தொலைபேசி பக்கத்தில் ஒட்டினேன்; மாதம் பிறந்தால் புதுத் தாள். தெருவில் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கென்று ஒரு கௌரவம் இருக்கிறது. ஆனால் தினமும் காலையில் அவரைக் கூப்பிட்டு அன்றைய எண்ணோடு, “இருபத்தொண்ணு. உங்களுக்கு பேப்பர் வந்துடுச்சா?” என்பேன். அவர் தாளைப் பார்த்துவிட்டு, “எண் சரி. பேப்பர் வரலை” என்பார். நாலு வருடம் இப்படி ஓடியது. நாலு வருடமும் இது பைத்தியக்காரத்தனம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் காலை நான் கூப்பிடுவதற்கு முன்பே தொலைபேசி அடித்தது. அவர் மனைவி. நம்பர் என்றாலே எரிந்து விழும் அந்த அம்மாள், அன்று எடுத்தவுடன் “முப்பத்தெட்டு” என்றாள். பிறகுதான் சொன்னாள்: “அவர் போயிட்டார் சார்.”

அவருடைய பிரதியைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். நான் என் தாளைப் பார்த்தேன். எண் தப்பாக இருக்க வேண்டும் என்று வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை ஆசைப்பட்டேன். அடுத்த எண் முப்பத்தெட்டுதான். சொன்ன எண்ணை உடனே அடித்துவிட வேண்டும் என்பது விதி. இன்றுவரை அடிக்கவில்லை.