கடல் காற்றாலை மாப்பிள்ளையும் பன்னிரண்டடிக் கூரையும்

தேவாலா,
ஜூலை 11.

மரியாதைக்குரிய சம்பந்தி ஹாமித் அவர்களுக்கு, ஹாஜா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். குன்னூரில் உங்களுக்கும் வீட்டாருக்கும் உங்கள் முழங்காலுக்கும் சுகம் உண்டாகட்டும். போனில் சொன்னால் பாதியிலேயே மகனுக்குப் பரிந்து பேசுவீர்கள் என்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

என் மகள் நாஜ்னீன் பிரசவத்துக்கு வந்து படுத்திருக்கும் அறையில் கூரை ஒழுகுகிறது. ஒன்பதாம் மாதம். கட்டிலைச் சுற்றி மூன்று பக்கெட், ஒரு பிரியாணி அண்டா. கூரை வேலை பார்க்கும் ஆறுக்குட்டி மழை விடட்டும் என்கிறார். மழை விட்டால் நான் ஏன் அவரைக் கூப்பிடப் போகிறேன். சரி, நம்ம மாப்பிள்ளை ரஃபிதான் லீவில் வந்திருக்கிறாரே, ஐரோப்பாவில் நடுக்கடல் காற்றாலையில் நூறு மீட்டர் ஏறி ரிப்பேர் பார்க்கிறவருக்குப் பன்னிரண்டடிக் கூரை எம்மாத்திரம் என்று ஏணியைச் சாத்திவைத்து டீயும் கொடுத்தேன். டீயைக் குடித்தார். மொபைலில் காற்று வேகம் பார்த்தார். "காத்து ஜாஸ்திங்க மாமா, இந்த வேகத்துல ஏறக் கூடாதுங்க" என்றார். மறுநாள் காற்று இல்லை. ஏணிக்குச் சோதனைச் சீட்டு எங்கே என்றார். அது என் கல்யாணத்துக்குப் பந்தல் போட்ட ஏணி. அடுத்த நாள் கயிறு மாட்டக் கொக்கி இல்லை, கொக்கி அடித்தால் துணைக்குப் பழகிய ஆள் இல்லை, நான் இருக்கிறேனே என்றால் ஒரு படிவத்தை நீட்டி, "உங்க பிரஷர் எவ்வளவுன்னு எழுதுங்க மாமா" என்கிறார். அந்த நிமிடத்தில் அளந்திருந்தால் தெரிந்திருக்கும்.

முன்பெல்லாம் கரையிலிருந்தே காற்றாலை தெரியுமாம், காலையில் போட்டில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடுவார். இப்போது கரையே தெரியாத தூரத்துக்குப் போய்விட்டார்கள். கப்பலிலேயே மூன்று வாரம் தங்கல். வருடத்துக்கு வருடம் காற்றாலை பெருகுகிறது, உயரமும் கூடுகிறது, ஆள் போதவில்லை என்று லீவில் இருக்கிறவரைத் தினமும் கூப்பிடுகிறார்கள். ஐரோப்பாக்காரன் வீட்டில் விளக்கெரிய அவ்வளவு உயரம் ஏறுகிறவர், பெண்டாட்டி நனையாமலிருக்கப் பன்னிரண்டடி ஏற மாட்டாராம். நாளை மறுநாள் கிளம்புகிறார். பெற்ற தகப்பன் என்ற முறையில் நீங்கள் உடனே போன் செய்து ஏறச் சொல்லுங்கள்.

என் வீட்டுக்காரி மரியம் பீவி எல்லாருக்கும் சலாம் சொல்லச் சொன்னாள். எங்கள் துஆ எப்போதும் உண்டு.

பொறுமை தீர்ந்துபோன,
ஹாஜா

பி.கு.: மேலே உள்ளதை அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். கை வீங்கியிருப்பதால் புதிதாக எழுத முடியவில்லை. ரோஷத்தில் நானே ஏறினேன். கூரை ஷீட் உடைந்து இடுப்புவரை உள்ளே போய், என் கால் இரண்டும் நாஜ்னீன் கட்டிலுக்கு மேலே தொங்கின. மாப்பிள்ளை எதையும் அளக்கவில்லை, ஓடி ஏறி வந்தார். வீட்டுக்குப் பின்னாலிருக்கும் சில்வர் ஓக் மரத்தில் கயிற்றைக் கட்டி, தன் பாதுகாப்பு பெல்ட்டை எனக்கு மாட்டி, "கீழ பாக்காதீங்க மாமா, என் மூஞ்சியப் பாருங்க" என்று சொல்லிச் சொல்லிப் பத்திரமாக இறக்கினார். கீழே நாஜ்னீன் அழுதுகொண்டு நின்றாள். "எனக்கு ஒண்ணுமில்லம்மா" என்றேன். "இருந்தது ஒரு பெல்ட்டுதானுங்க அத்தா, அதையும் உங்களுக்கு மாட்டிட்டாரு" என்றாள். அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். வழுக்குகிற கூரையில் அவர் பெல்ட்டும் கயிறும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தார். சம்பந்தி, எனக்கு நேரில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. கயிறு மாட்டாமல் இனி ஒரு படிகூட ஏறக் கூடாது என்று நீங்கள் சொன்னதாகச் சொல்லிவிடுங்கள்.