இறந்தவர் பங்கில் விழுந்த வெள்ளிக்காசு

பெருமதிப்பிற்குரிய ஸ்தாமென் மாமாவுக்கு,

உங்கள் தங்கை மகள் நெவெனாவின் வணக்கம். இங்கே அருங்காட்சியகத்தில் தண்ணீர்க் குழாய்கள் உறைந்துபோனதைத் தவிர எல்லோரும் நலம். அங்கும் அனைவரும் நலமா என்று கேட்பதுதான் முறை. தான் நலமாக இருப்பதை ரயினா அத்தை ஒப்புக்கொள்ள மறுப்பதால், அதை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

அறிக்கை என்றால் கண்டெடுத்த சூழ்நிலையை முதலில் எழுத வேண்டும். திராட்சைக் கொடிக்குக் கம்பு நடக் குழி தோண்டினீர்கள். ஒரு பானை நிறைய வெள்ளிக்காசு கிடைத்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலை ரொட்டிக்குள் வைக்க வெள்ளிக்காசு வேண்டும், இந்தக் காலத்துச் சில்லறையில் வெள்ளி ஏது என்று அத்தை அதில் ஒன்றைச் சாம்பல் போட்டுத் தேய்த்து மாவுக்குள் அழுத்திவிட்டார். ரொட்டியைப் பிட்டபோது வீட்டுக்கு ஒரு துண்டு, இறந்தவர்களுக்கு ஒரு துண்டு, பிறகு உங்கள் இருவருக்கும். யார் துண்டில் காசோ, வரும் வருடம் அவர்களுடையது; காசு இறந்தவர்கள் துண்டில் இருந்தது. வருடத்துக்குள் வீட்டிலிருந்து ஒருவர் புறப்பட வேண்டும் என்று அத்தை முடிவு செய்து, கறுப்பு உடையை இஸ்திரி போட்டு நாற்காலியில் தொங்கவிட்டு, கோழிகளைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்து, படுத்துவிட்டார். மறுநாளே நீங்கள் தொலைபேசியில் அழைத்தீர்கள்.

"போலின்னு ஒரு சீட்டு எழுதிக் குடும்மா. போலிக்காசு விழுந்தா செல்லாதாம், அவளே சொல்லிட்டா."

"போலின்னா பானைக்கும் மதிப்பு போயிடுமே மாமா. கூரை மாத்தணும்னீங்களே?"

"கூரை ஒழுகினா கீழ சட்டியை வெச்சுக்கலாம். அவ படுத்துட்டா, சட்டியில போட்டுச் சமைக்கத்தான் ஆள் இல்ல."

அதற்குள் அத்தை தொலைபேசியைப் பிடுங்கிக்கொண்டார். "படிச்சவ நீ, பொய் எழுதாதே. நான் காலுறை வரைக்கும் வாங்கி வெச்சாச்சு."

"போறது நீங்கதான்னு யார் சொன்னது அத்தை? வீட்டுல ரெண்டு பேர் இருக்கீங்களே."

"உங்க மாமாவா? சந்தைக்கே நாலு பேர்கிட்ட வழி கேட்டுப் போறவர். அவ்வளவு தூரம் தனியா எங்க போவார்?"

நான் எதையும் நம்பாதவள் என்பது உங்களுக்குத் தெரியும். எனவே நீங்கள் அனுப்பிய காசைப் போலி என்று நிரூபிக்கும் நோக்கத்தோடுதான் மேசையில் வைத்தேன். இரண்டு அரசர்கள், நடுவில் அவர்கள் பிடித்திருக்கும் கொடி, எடை சரி, வெள்ளி சரி. பளிங்கில் தட்டிப் பார்த்தேன், நல்ல வெள்ளிபோல் கணீரென்றது, ஆனால் ஓய வேண்டிய நேரத்தில் ஓயவில்லை, பழுதுபார்க்கும் அறையில் வேலை செய்யும் ப்ளாமென் எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "யாருமில்லையேக்கா, மணி அடிச்சது யாரு?" என்று கேட்டான், நான் பேச்சை மாற்றினேன். வெள்ளி உள்ளங்கையில் சட்டென்று சூடேறும், அதனால் கையில் வைத்துக்கொண்டேன், காசு சூடேறவில்லை, கைதான் முழங்கை வரை சில்லிட்டுப் போச்சு, குழாய் உறைஞ்ச கட்டடம்தானே, அதனாலதான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். கடைசியில் உருப்பெருக்கியில் விளிம்பைப் பார்த்தபோது மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது. இரு பாதி அச்சு சேரும் இடத்தில் விழும், வார்த்த போலிக்கு உரிய கோடு. அவ்வளவு மகிழ்ச்சியாக நான் ஒரு போலியைப் பார்த்ததே இல்லை. மறுநாள் ப்ளாமெனுக்குக் காட்டலாம் என்று எடுத்தால் கோட்டைக் காணவில்லை.

"நேத்து கண்ணு களைச்சிருக்கும்கா," என்றான்.

"இன்னைக்குத்தான் களைச்சிருக்கு," என்றேன்.

ஆகவே முதல் நாள் பார்வையை ஆதாரமாகக் கொண்டு, முத்திரையிட்டுச் சான்று இணைத்திருக்கிறேன்: ரொட்டியில் விழுந்த காசு மட்டும் போலி. பானையில் உள்ள மற்றவை அசல், அரியவை. முறைப்படி அவற்றை அருங்காட்சியகத்தில் ஒப்படையுங்கள். வரும் வெகுமதியில் கூரைக்கு ஓடு வாங்கலாம். போலியை எங்கள் பெட்டகத்தில் பூட்டி, பூட்டுக்கும் முத்திரை வைத்துவிட்டேன். இதை அத்தைக்கு உரக்கப் படித்துக்காட்டி, எழுந்து கோழிகளைத் திரும்ப வாங்கிவரச் சொல்லுங்கள்.

புது வருடம் உங்கள் இருவருக்கும் உடல் பலத்தையும், கொடிகளுக்குக் கனத்த குலைகளையும் தரட்டும்.

அன்புடன்,
நெவெனா

பின்குறிப்பு: இதை அத்தைக்குப் படிக்க வேண்டாம். தபாலில் சேர்க்குமுன் புது வருடம் பிறந்துவிட்டது. சமைக்கச் சோம்பல்பட்டு, மூலைக்கடையில் பாலாடைக்கட்டி அடை ஒன்று வாங்கி வந்து சூடாக்கினேன். பழக்கதோஷத்தில் முதல் துண்டை, இறந்துபோன அம்மாவுக்கு என்று ஒதுக்கினேன். கத்தி எதிலோ இடித்தது. இரண்டு அரசர்கள், நடுவில் கொடி. ஆவி பறக்கும் அடைக்குள் அது பனிக்கட்டியாக இருந்தது. காலையில் முதல் வேலையாகப் பெட்டகத்தைத் திறந்தேன். முத்திரை உடையவில்லை, உள்ளே காசு இல்லை. என் வீட்டில் இருப்பது நான் ஒருத்தி. வழி கேட்காமலே எங்கும் போய்வரக்கூடியவள். காசை இத்துடன் வைத்திருக்கிறேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விளிம்பைப் பாருங்கள் மாமா. அங்கே ஒரு கோடு இருக்கும். இல்லாவிட்டாலும், இருக்கிறது என்று எனக்கு ஒரு சீட்டு எழுதி அனுப்புங்கள்.